குவளையில் ஒரு முகம், கல்லில் ஒரு பெயர்

வெள்ளைப் பீங்கானால் ஆன குவளை ஒன்று. அதன் புறத்தே இரும்புக் கவசம் பூண்ட ஒருவரின் உருவம் அழகுறப் பதிந்துள்ளது. அடர்ந்த தாடி, அஞ்சாத பார்வை, கீழே பிரான்சிஸ்கோ பிசாரோ என்னும் பெயர். தென்னமெரிக்காவின் பெரு நாட்டை வென்று ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்குக் கீழ்க் கொணர்ந்தவர் இவர். இவரைப் போன்றோரை ஸ்பானிய மொழி ‘கொன்கிஸ்தாதோர்’ என்று வழங்குகிறது. வென்றடக்கியவர் என்பது அதன் பொருள். பழைய ஓவியங்களைப் பொருள்களில் பதித்து விற்கும் வணிகத்தில், கவிஞர், அறிவியலறிஞர், அரசர் ஆகியோரின் முகங்களோடு இம்முகமும் இன்று விலைக்குக் கிடைக்கிறது.

மக்கள் வழக்கில் ‘போட்டோ மக்’ எனப்படும் இக்குவளையைச் செய்யும் முறை எளியது. தனிவகை மையினால் படத்தைத் தாளில் இடவலம் மாற்றி அச்சிடுவர். மேற்பூச்சுப் பூசிய குவளையைச் சுற்றி அத்தாளை ஒட்டி, 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் அழுத்தி வைப்பர். மை ஆவியாகிப் பூச்சினுள் புகுந்து படியும். தமிழகத்துச் சிறு நகரங்களின் ஒளிப்பட நிலையங்கள் மணமக்களின் படத்தையும் குழந்தையின் பிறந்தநாள் படத்தையும் குவளையில் பதித்துத் தருவது இம்முறையினால்தான். பதிக்கப்படும் முகம் யாருடையது, அவர் செய்தது என்ன என்று இயந்திரம் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் குவளையைக் கையில் ஏந்துவோரே.

சவ்வாது மலைமேல் அமைந்த காவலூரிலிருந்து இக்கேள்வியை எழுப்பிப் பார்த்தல் பொருத்தமுடையது. அம்மலையின் அடிவாரத்தில், செங்கம் வட்டாரத்தில், ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக வீரர்களின் பெயர்களைத் தாங்கிய நடுகற்கள் நிற்கின்றன. மலைமேல் காவலூரில் விண்மீன்களையும் சிறுகோள்களையும் நோக்கி எண்ணும் பெயரும் இட்ட வானாய்வகம் இருக்கின்றது. குவளையின் முகம், கல்லின் பெயர், விண்ணின் எண் ஆகிய மூன்றும் மனிதர் தம் நினைவைக் காக்கக் கண்ட மூன்று வழிகள். இம்மூன்றையும் அருகருகே வைத்து நோக்கினால், ஒருவரைப் போற்றுதற்குமுன் எழுதப்பட வேண்டியது எது என்பது விளங்கும்.

முகம் யாருடையது?

பிசாரோ ஸ்பெயினின் எக்ஸ்திரமதூரா பகுதியில் துருகியோ என்னும் ஊரில் பிறந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆவணங்களில் கையொப்பம் வேண்டப்படும் இடத்தில் இரு சுழிகளை மட்டும் வரைவார்; அவற்றின் இடையே எழுத்தர் அவர் பெயரை எழுதி நிரப்புவார். தம் பெயரையே பிறர் கையால் எழுதுவித்துக்கொண்ட அவருடைய முகமும் பிறர் கற்பனையில் உருவானதே ஆகும். இன்று பெரிதும் வழங்கும் அவருடைய உருவப்படம் பிரெஞ்சு ஓவியர் கூத்தான் 1835இல் தீட்டியது. வெர்சாய் அரண்மனையில் உள்ளது. பிசாரோ மறைந்தது 1541இல். இடைப்பட்ட காலம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். மெக்சிகோவை வென்ற எர்னான் கோர்த்தேசை 1529இல் வைடிட்ஸ் என்னும் ஜெர்மானியர் ஸ்பெயின் அரசவையில் நேரில் கண்டு வரைந்தார் என்பது உண்மை. பிசாரோவுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

அவருடைய உடலுக்கும் இதே நிலை நேர்ந்தது. 1541 ஜூன் 26ஆம் நாள், லிமா நகரில் தம் இல்லத்திலேயே, பகைமை கொண்ட சக ஸ்பானியர்களால் பிசாரோ வெட்டிக் கொல்லப்பட்டார். அந்நிகழ்ச்சியின் 350ஆம் ஆண்டான 1891இல், லிமா பேராலயத்தில் உலர்ந்த உடல் ஒன்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, இதுவே பிசாரோவின் உடல் எனக் காட்டினர். மக்கள் பல்லாண்டுகள் அதைக் கண்டு சென்றனர். 1977இல் பேராலயத்தின் அடித்தளத்தில் வேலை செய்த தொழிலாளர்கள் ஈயப் பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தனர். பெருவைக் கண்டு வென்ற பிசாரோவின் தலை இதனுள் உள்ளது என அப்பெட்டியில் எழுதியிருந்தது. பின்னர் நிகழ்ந்த எலும்பாய்வு, அத்தலையும் அதனருகே கிடைத்த எலும்புகளும் வாள் வெட்டுகளால் இறந்த ஒருவருடையவை என உறுதி செய்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மக்கள் வணங்கியும் வெறுத்தும் நோக்கியது வேறு எவருடைய உடலையோ என்பது தெளிவாயிற்று. பெட்டியில் எழுத்து இருந்தமையால் உண்மை வெளிப்பட்டது. இந்நிகழ்ச்சியில் மெய்யைக் காத்தது எழுத்து. உருவம் பிறரை மயக்குவதற்கே பயன்பட்டது.

ஆயினும் உருவத்திற்கே செல்வாக்கு மிகுதி. 1992இல் ஸ்பெயின் வெளியிட்ட ஆயிரம் பெசேத்தா பணத்தாளின் ஒருபுறம் கோர்த்தேசும் மறுபுறம் பிசாரோவும் இடம்பெற்றனர். கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்ததன் ஐந்நூறாம் ஆண்டு அது. 2002இல் யூரோ புழக்கத்திற்கு வந்து பெசேத்தா மறைந்தது, அத்தாளும் மறைந்தது. பணத்தாளிலிருந்து இறங்கிய முகம் குவளையில் ஏறிக்கொண்டது எனலாம்.

கஹமார்காவில் நிகழ்ந்தது

முகம் சொல்லாததைச் செயல் சொல்லும். 1532 நவம்பர் 16ஆம் நாள், ஆண்டிஸ் மலையில் உள்ள கஹமார்கா நகரின் சதுக்கத்தில், இன்கா பேரரசர் அதாவால்பாவை விருந்தினராக வருமாறு பிசாரோ அழைத்திருந்தார். பிசாரோவின் படையினர் 168 பேர். அவர்களுள் குதிரைவீரர் 62 பேர். பேரரசரோ பல்லாயிரம் பணியாளர் சூழ, பெரும்பாலும் படைக்கலம் இன்றி வந்தார். பாதிரியார் வல்வெர்தே சமய நூல் ஒன்றை நீட்டினார். எழுத்து என்பதையே அறியாத நாட்டின் அரசர் அதைப் புரட்டிப் பார்த்துக் கீழே எறிந்தார். மறைந்திருந்த படை பாய்ந்தது. அந்தி சாய்வதற்குள் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், அரசர் சிறைப்பட்டார்.

தம்மை விடுவித்தால் தாம் இருக்கும் அறையைப் பொன்னால் நிரப்புவதாக அதாவால்பா கூறினார். அறையின் நீளம் 22 அடி, அகலம் 17 அடி என்பர். நாடெங்கிலுமிருந்து பொன்னும் வெள்ளியும் வந்து குவிந்தன. கோயிற் கலன்களும் பொற்கதிர்களும் அணிகளும் உலையிலிட்டு உருக்கப்பட்டுக் கட்டிகளாயின. உருக்கிய பொன் ஏறத்தாழ 6 டன். வெள்ளி ஏறத்தாழ 11 டன். ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் மன்னருக்குச் சென்றது. எஞ்சியதைப் படையினர் பகிர்ந்துகொண்டனர். மீட்புப்பொருள் முழுவதும் பெற்ற பின்னரும் அரசர் விடுவிக்கப்படவில்லை. 1533 ஜூலையில், எரித்துக் கொல்லப்படாமல் இருக்கும்பொருட்டு ஞானமுழுக்குப் பெற்ற அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றனர்.

தோற்றவர் பக்கத்திலும் ஓர் ஓவியர் தோன்றினார். ஆண்டிஸ் மக்களுள் ஒருவரான குவாமன் போமா, ஏறத்தாழ 1615இல் 1,200 பக்க அளவில், நானூறுக்குச் சற்றுக் குறைந்த படங்களுடன், ஸ்பெயின் மன்னருக்கு ஒரு நெடிய முறையீட்டை எழுதினார். அது மன்னர் கையை அடைந்ததாகத் தெரியவில்லை. 1908இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் அக்கையெழுத்துப்படி கண்டறியப்பட்டது. 1936இல் பாரிசில் படியச்சாக வெளிவந்தது. அதில் அதாவால்பாவின் கொலையை வரைந்த குவாமன் போமா, அவர் தலை வெட்டப்படுவதாகக் காட்டியுள்ளார். உண்மையில் நிகழ்ந்தது கழுத்து நெரிப்பு. எனவே இப்படமும் நிகழ்ந்தவாறு வரைந்த படமன்று. ஆயினும் வெர்சாய் ஓவியத்திற்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. அது செயலை நீக்கி முகத்தை மட்டும் வைத்தது. இது முகத்தைப் பொருட்படுத்தாது செயலை முன்வைத்தது. படிப்போர் மனத்தில் நிற்பது, ஓர் அரசர் கொல்லப்பட்டார், கொன்றவர் இவர் என்னும் செய்தி.

மலையடிவாரத்துக் கற்கள்

இவ்வேறுபாட்டைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர் என்பதற்குச் சவ்வாது மலையடிவாரம் சான்று தருகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொகுத்துத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்டது. பல்லவர் காலந்தொட்டு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் தமிழக வரலாற்றில் சிற்றூர் மனிதர்களுக்கு இடம் பெற்றுத் தந்தன.

நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் ஆறு நிலைகளாக வகுத்துள்ளது. தக்க கல்லைத் தேடிக் காணுதல், அதைக் கொணரத் தொடங்குதல், நீரில் இட்டுத் தூய்மை செய்தல், நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்பன அவை. வாழ்த்து இறுதியில் வைக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. கல் தேர்ந்து, கழுவி, நட்ட பின்னரே வாழ்த்து. கல்லில் பெயரும் பெருமையும் எழுதப்படுதலைச் சங்கப் புலவர்களும் சுட்டியுள்ளனர்.

இனி, கல்லில் எழுதப்பட்டது யாது என்பதைக் காண்போர் வியப்படைவர். செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் கிடைத்த நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அஃதாவது, கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கல்வெட்டு முதலில் பேரரசன் பெயரையும் ஆண்டையும் சொல்கிறது. பின் அப்பகுதியை ஆண்ட வாணகோ அரைசரையும் அவர் மருமக்களான பொற்றொக்கையாரையும் குறிக்கிறது. அதன்பின் அவருடைய இளமகன் கருந்தேவகத்தி தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்துபட்டதைக் கூறுகிறது. இவ்வளவில் முடியவில்லை. வீரன் உருவத்தினருகே நாய் ஒன்றின் உருவமும் உண்டு. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் தனியே ஒரு தொடர் தெரிவிக்கிறது.

பேரரசன், சிற்றரசன், தலைவன், வீரன், நாய் என ஒரு கல்லில் ஐவர் இடம் பெறுகின்றனர். அரசனுக்கு உரியது ஆட்சியாண்டு; நாய்க்கு உரியது அதன் செயல். மகேந்திரவர்மன் மிகப் பெரிய வேந்தன், கலை வல்லவன். எனினும் எடுத்தனூர்க் கல்லில் அவன் பணி காலத்தைக் குறிப்பது மட்டுமே. கல் நடப்பட்டது எருமை மந்தையைக் காத்து விழுந்தவனுக்காக. கல்லில் உள்ள வீரனின் முகம் கருந்தேவகத்தியின் மெய்யான சாயலைக் காட்டுவது என எவரும் கொள்வதில்லை. வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் பொது உருவமே அது. அவனை அவனாக்குவது எழுத்து.

இதற்கு மேலும் பழமையான சான்று 2006இல் கிடைத்தது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவை கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளையும் தீயன் அந்தவன் என்பவனையும் குறிக்கிறது. அக்கற்களில் உருவமே இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. தமிழர் நினைவுக்கல்லில் பெயர் முதலில் வந்தது. முகம் பின்னர் வந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஈண்டு ஒரு தடை எழக்கூடும். நடுகல் வீரர் அனைவரும் காத்தவரே அல்லர். ஆநிரை கவரச் சென்று மாண்டவர்க்கும் கற்கள் உண்டு. அங்ஙனமாயின், கவர்ந்தவரைப் போற்றிய மரபும் பிசாரோவைக் குவளையில் பதிக்கும் வழக்கமும் ஒன்றே அல்லவா? தடை வலிமையுடையதே. ஆனால் கவர்ந்தவனின் கல்லும் அவன் தொறு கொண்டபோது பட்டான் என்றே எழுதிற்று. செயலை மறைத்து வீரத்தை மட்டும் எழுதவில்லை. அடுத்த ஊரார் அக்கல்லைக் கண்டால், கவரப்பட்டது தம் மந்தை என்பதை அறிவர். அன்றியும், நடுகல் உயிரை விலையாகத் தந்தவர்க்கே உரியது. கொண்ட பொருளைப் பகிர்ந்துண்டு வாழ்ந்தவர்க்கு அது நடப்படவில்லை.

மவுண்ட் ரோட்டுச் சிலை

இம்மரபின் உறுதி இருபதாம் நூற்றாண்டில் சென்னைத் தெருவில் சோதிக்கப்பட்டது. 1857 எழுச்சியை அடக்க வடநாடு சென்ற சென்னைப் படைப்பிரிவின் தலைவர் ஜேம்ஸ் நீல். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் நடத்திய தண்டனைகள் கொடியவை. கான்பூரில், தூக்கிலிடப்படுமுன் கைதிகள் கொலைக்களத்துக் குருதியைத் தம் கையாலும் நாவாலும் துடைக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். 1857 செப்டம்பர் 25ஆம் நாள் லக்னோவில் நீல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1860களின் தொடக்கத்தில் சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை எழுந்தது.

போரில் வீழ்ந்த தம் தலைவனுக்கு அவன் நாட்டார் எழுப்பிய சிலை என்ற அளவில் அதுவும் ஒருவகை நடுகல்லே. பீடத்தின் எழுத்து அவர் கிளர்ச்சியின் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தியதைப் புகழ்ந்தது; கான்பூரைப் பற்றிப் பேசவில்லை. எழுதப்படாத அச்செயலைப் பிறர் மறக்கவில்லை. 1927இல் அச்சிலையை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தொண்டர்கள் சுத்தியலும் கோடரியும் ஏந்திச் சென்று சிலையைத் தாக்கிச் சிறை புகுந்தனர். காந்தியடிகள் போராட்டத்தின் நோக்கத்தை ஏற்று, அது அகிம்சை நெறியினின்றும் வழுவலாகாது என வலியுறுத்தினார். 1937இல் இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பொறுப்பேற்றபின், சிலை பெயர்க்கப்பட்டுச் சென்னை அருங்காட்சியகம் சென்றது.

சிலையை உடைத்தெறியாது அருங்காட்சியகத்தில் வைத்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது. தெருவில் நிற்கும் சிலை வாழ்த்துகிறது. அருங்காட்சியகத்தில் நிற்கும் சிலை சான்றாகிறது. முகம் அதே முகம். அது நிற்கும் இடம் மாறியதும் அதன் பொருளும் மாறியது. லிமா நகரிலும் இது நிகழ்ந்தது. குதிரைமேல் அமர்ந்த பிசாரோவின் வெண்கலச் சிலை 1935 முதல் அந்நகரின் நடுவே நின்றது. 2003இல் நகராட்சி அதனைப் பெயர்த்து, பின்னர் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் நிறுத்தியது. 2025 ஜனவரியில், நகரம் தோன்றி 490 ஆண்டு நிறைவுற்றதையொட்டி, அச்சிலை மீண்டும் நகரின் நடுப்பகுதிக்குக் கொணரப்பட்டது. வென்றவர் முகத்தை எங்கே வைப்பது என்னும் வழக்கு அந்நாட்டில் இன்னும் முடியவில்லை.

கடாரம் கொண்டவரும் கடாரம் சென்றவரும்

பிறநாட்டு வெற்றியாளரைப் பற்றிப் பேசுதல் எளிது. அதே அளவுகோலைத் தமிழர் தம் வெற்றியாளர்பால் நீட்டுதல் அரிது. ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படம் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்ததையொட்டிச் சோழ வேந்தர்பால் எழுந்த ஆர்வம் பெரிது. குவளையிலும் சட்டையிலும் சோழர் உருவங்களும் புலிச்சின்னமும் பதிந்தன. 2025 ஜூலை 27ஆம் நாள் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரனின் நினைவு நாணயத்தை இந்தியப் பிரதமர் வெளியிட்டார். கடாரப் படையெடுப்பு நிகழ்ந்த 1025ஆம் ஆண்டுக்குச் சரியாக ஆயிரம் ஆண்டுகள் கழிந்திருந்தன. லிமாவில் பிசாரோ சிலை திரும்பியதும் அதே ஆண்டில்தான் என்பது காலத்தின் விளையாட்டு.

சோழ வேந்தரின் மெய்யான முகமும் எவரும் அறிந்ததன்று. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்தில் இராசராசனும் கருவூர்த்தேவரும் உள்ளனர் எனப் பலர் கருதினும் மாற்றுக் கருத்தும் உண்டு. இன்று குவளையில் காணப்படும் வேந்தர் முகம் ஓவியர்களும் திரைக்கலைஞர்களும் தந்ததே. ஆனால் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, முகம் தராததைச் செயலாகத் தருகிறது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் என அது பெயர் சொல்கிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் எனத் தாக்கப்பட்ட ஊர்களை வரிசைப்படுத்துகிறது. அரசனின் யானைகளையும் திரண்ட செல்வத்தையும் வித்தியாதர தோரணத்தையும் கைக்கொண்டதை வெளிப்படையாக உரைக்கிறது. தோற்றவன் பெயரும் கவர்ந்த பொருளும் வென்றவன் புகழிலேயே எழுதப்பட்டுள்ளன.

வேறுபாடும் சொல்லப்பட வேண்டும். சோழர் கடாரத்தில் தங்கிக் குடியேற்ற ஆட்சி நிறுவவில்லை. பெருவில் ஸ்பானியர் ஆட்சி 1821இல் விடுதலை அறிவிக்கப்படும்வரை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் நீடித்தது. இரண்டும் ஒன்றென்பது வரலாறாகாது. எனினும், மெய்க்கீர்த்தியில் இல்லாதது ஒன்று உண்டு. கடாரத்துத் துறைமுகத்தில் காவல் நின்று வீழ்ந்தவனின் பெயர் அதில் இல்லை. எடுத்தனூரின் ஒரு நாய்க்குக் கிடைத்த இடம் கடாரத்தின் காவலனுக்குக் கிடைக்கவில்லை. பேரரசின் புகழுரைக்கும் சிற்றூரின் கல்லுக்கும் இடையே உள்ள தொலைவு இதுவே.

கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா பகுதி. பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்கள் அங்கே தமிழர் தொடர்பின் தொன்மையை நினைவூட்டுகின்றன. அதே நிலத்திற்கு, ஆங்கிலேயர் காலத்தில், தமிழர் மீண்டும் சென்றனர். இம்முறை யானையோடும் மரக்கலப் படையோடும் செல்லவில்லை. ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் கூலிகளாகச் சென்றனர். காடழித்துத் தோட்டம் கண்டனர். காய்ச்சலுக்கும் பாம்புக்கும் பலரைப் பறிகொடுத்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் அந்நாட்டில் இன்றும் வாழ்கின்றனர். கடாரம் கொண்டான் என்னும் விருது தமிழ் மாணவர் பலருக்கும் பாடம். கடாரம் சென்று மாண்டோர் பெயர்கள் எவருக்கும் பாடமாகவில்லை. ஒரே கரைக்கு இருமுறை சென்ற மக்களுக்கு, ஒரு பயணத்தின் முகம் மட்டும் குவளையில் வருமாயின், மற்றொரு பயணத்தை யார் எழுதுவது?

காவலூர் வானம்

மீண்டும் காவலூர். மலையடிவாரத்துக் கற்கள் நூலாக வெளிவந்த அதே 1972இல், அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி தொடங்கப்பெற்று, வானாய்வகம் அதனை நிறுவ உழைத்து 1982இல் மறைந்த வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. 1988 பிப்ரவரி 17ஆம் நாள் அங்கே இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். 4130 என்னும் எண்ணுடன் அதற்கு இராமானுஜன் என்னும் பெயர் சூட்டப்பட்டது. கும்பகோணத்துக் கணித மேதையின் நினைவாக, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, கல் ஒன்று சுற்றி வருகிறது.

அக்கல்லில் முகம் இல்லை. எவரையும் வென்றதற்காக அப்பெயர் இடப்படவில்லை. எவருடைய பொருளையும் கவர்ந்ததற்காகவும் இடப்படவில்லை. கண்டவர் யார், கண்ட நாள் எது, இடம் எது, எவர் நினைவாக என்பன பதிவேட்டில் உள்ளன. ஆட்சியாண்டும் ஊரும் செயலும் பெயரும் எழுதிய எடுத்தனூர்க் கல்லின் ஒழுங்கு இதில் மீண்டும் தோன்றுகிறது. தமிழர் நினைவுக் கற்களுள் இதுவே மிக உயரத்தில் நிற்பது எனின் மிகையாகாது.

குவளையைக் குறை கூறுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. பேரன் முகம் பதித்த குவளையில் காப்பி அருந்தும் பாட்டிக்கு அதில் எழுத்து எதுவும் தேவையில்லை. அவள் அக்குழந்தையின் ஒவ்வொரு செயலையும் அறிவாள். முன்பின் அறியாத ஒருவரின் முகத்தைப் பதிக்கும்போதே எழுத்து தேவைப்படுகிறது. பிசாரோவின் முகத்திற்குக் கீழே கஹமார்கா, 1532 என்னும் இரு சொற்கள் இருப்பின், அக்குவளை வேறொரு பொருளாகிவிடும். அதாவால்பா என்னும் பெயரும் உடனிருப்பின், அது வரலாறாகிவிடும். இராசேந்திரனின் முகத்திற்குக் கீழும் கடாரத்து அரசன் பெயரை எழுதத் தமிழர் அஞ்ச வேண்டியதில்லை. அவன் மெய்க்கீர்த்தியே அதை எழுதியுள்ளது.

இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டுகளைக் கடந்து மலர் வெளியிடுதலும் ஒருவகைக் கல்நடுதலே. கவிஞர்க்கு வாழ்த்து இயல்பான தொழில். மேடைதோறும் அது அவரிடம் வேண்டப்படுகிறது. தொல்காப்பியர் வாழ்த்தை ஆறாம் நிலையில் வைத்ததன் காரணம், முதல் ஐந்தையும் செய்யாத வாழ்த்து வெற்றொலி என்பதே போலும். கல்லைத் தேட வேண்டும், கழுவ வேண்டும், செயலை எழுத வேண்டும், எவர் விழுந்தார் என்பதையும், அருகே நின்று காத்த நாய் ஒன்று இருப்பின் அதன் பெயரையும் எழுத வேண்டும். அதன்பின் வாழ்த்தலாம்.